வைட்டமின் புட்டி

வேலூர்
21-2-1999

தமயந்திக்கு,

உன் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. மண்டபத்தில் நீ என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. உன் மடிசார் தலைப்பைச் சரிசெய்ய நான் கையை நீட்டியபோது நீ ஓரடி நகர்ந்து நின்றுகொண்டாய். அதைப் பற்றி எழுத இந்தக் கடிதம் இல்லை.

அப்பா உன் பெட்டியில் வைத்த இரண்டு வைட்டமின் புட்டிகளிலும் மூன்று மாதத்துக்கு மாத்திரை இருக்கிறது. பச்சை மூடி போட்டதில் ஸ்டீராய்டு. தினம் ஒன்று, காலையில் சாப்பிட்ட பிறகு. சிவப்பு மூடி போட்டதில் அசாதயோபிரின். அதுவும் தினம் ஒன்று. பழைய லேபிளைச் சுரண்டிவிட்டு வைட்டமின் லேபிளை ஒட்டியது அப்பா. மாத்திரைகளை எண்ணி உள்ளே போட்டது நான். அந்தப் பாவத்தில் எனக்கும் பாதி உண்டு.

நான்கு வருஷத்துக்கு முன் டாக்டர் நம்மை உட்காரவைத்துச் சொன்னபோது நீ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் மறுபடி எழுதுகிறேன். உனக்கு வந்தது சாதாரண மஞ்சள் காமாலை இல்லை. நான்கு மாதம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாளைக் கடத்தினோமே, அது எதனாலும் போயிருக்காது. நோய் வந்தால் எதிர்க்க வேண்டிய உன் ரத்த அணுக்களே ஈரலை வேற்றுப் பொருள் என்று எண்ணித் தின்னத் தொடங்கிவிட்டன. கிருமி இல்லை, குடி இல்லை, ஒட்டிக்கொள்ளவும் ஒட்டிக்கொள்ளாது. ஏன் வருகிறது என்று அவர்களுக்கே தெரியாது. விலாவில் ஊசி குத்தி எடுத்த அந்தத் துணுக்கைப் பார்த்துத்தான் நிச்சயம் செய்தார்கள். மாத்திரை அந்த அணுக்களைத் தூங்கவைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. டாக்டர் "குணமாயிடுத்து"ன்னு ஒரு நாளும் சொல்லவில்லை. "அடங்கியிருக்கு" என்றுதான் சொன்னார்.

மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். உன் கணவரிடம் சொல்லிவிடு என்று இன்னொரு முறை கேட்கிறேன். நானாகச் சொல்லமாட்டேன். அப்பாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன்.

ருக்மிணி


பெங்களூர்
3-3-1999

அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரரிடமிருந்து வாங்கியது யார் தெரியுமா? என் மாமியார். கண்ணாடியைத் தேடிக்கொண்டே, "ருக்கு எழுதியிருக்காளா? எனக்கும் ரெண்டு வரி இருக்கான்னு பாரேன்" என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நான் இன்று வேலூரில் இருப்பேன். கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன், வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

இனி இந்த வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. பக்கத்தில் அடுகோடி என்ற பேட்டையில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். தலைமையாசிரியை சாந்தகுமாரி நல்ல மாதிரி. பள்ளி விலாசம் கீழே. எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் அங்கே எழுது.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்கிறாயே, சொன்னதன் பலன் உனக்குத் தெரியாதா? ஸ்ரீரங்கத்துப் பிள்ளை வீட்டாரிடம் அப்பா உண்மையைத்தானே சொன்னார்? "பொண்ணோட தங்கைக்கு ஈரல்ல வியாதி"ன்னு. நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிய தேங்காயைக்கூட நாம்தான் உடைத்துச் சாப்பிட்டோம். "ரத்தத்துலேயே இருக்குமே" என்று அந்த அம்மாள் சொன்னது என் காதில் விழுந்தது. உன் கல்யாணம் என் ஈரலால் நின்றது. அதற்கு நான் உன்னிடம் எத்தனையோ முறை மனசுக்குள் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். ஆனால் அதற்காக என் கல்யாணமும் நிற்க வேண்டும் என்று நீ நினைத்தால், அதற்குப் பெயர் நேர்மை இல்லை, வேறு.

இங்கே எல்லோரும் நல்லவர்கள். அதுதான் கஷ்டம். ப்ரஹ்லாத் காலையில் ஏழரைக்குக் கம்பெனி பஸ்ஸில் எலெக்ட்ரானிக் சிட்டி போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார். வந்ததும் முதலில் என்னைத்தான் தேடுகிறார். மாமனார் ஆராவமுதன் விதான சௌதாவில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரை எனக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். மாமியார் என்னை "கூசு" என்று கூப்பிடுகிறார். கன்னடத்தில் குழந்தை என்று அர்த்தமாம்.

மாத்திரை சாப்பிடுகிறேன். கவலைப்படாதே.

தமயந்தி


வேலூர்
10-3-1999

தமயந்திக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பொறாமை இல்லவே இல்லை என்று எழுதி அடித்துவிட்டேன். மேளம் கொட்டியபோது எனக்கு அழுகை வந்தது. எதற்கென்று பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. போகட்டும்.

ஆனால் நான் ஆஸ்பத்திரி லேபில் ரத்தத்தோடு வேலை செய்கிறவள். பகல் முழுக்க அடுத்தவர்கள் ஈரலின் எண்களை எழுதுகிறேன். பொறாமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த எண்கள் மாறாது. பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையை நிறுத்தினால் திரும்பி வரும். இரண்டாம் முறை வரும்போது ஈரலில் வடு சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்துவது அதைவிட மோசம். உடம்பு தானே சுரக்க வேண்டியதை மறந்துபோயிருக்கும்.

டாக்டர் சீட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். வீட்டுக்குத் தள்ளி எங்காவது ரத்தம் கொடு. ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு.

ருக்மிணி


பெங்களூர்
18-6-1999

அக்காவுக்கு,

மூன்று மாத ரிப்போர்ட்டும் உள்ளே இருக்கிறது. ஈரல் எண், அந்த எஸ்ஜிபிடி, முப்பத்தொன்று, நோயே இல்லாதவள் மாதிரி! கண்ணில் ஒற்றிக்கொள். நீலசந்திராவில் ஒரு சின்ன லேபைப் பிடித்திருக்கிறேன். பள்ளி விட்டதும் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே கோவிந்தன் என்பவரின் மருந்துக் கடையில் மாத்திரையும் வாங்கிப் புட்டிகளை நிரப்பிக்கொள்கிறேன். எங்கள் தெருக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை.

ஒரு வேடிக்கை எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் மாமனாருக்கு வெகு நாளாக முழங்கால் வலி. படியேற ஐந்து நிமிஷம் ஆகும். மே மாசம் ஒரு நாள் நான் புட்டியைத் திறக்கும்போது, "என்னம்மா அது, வைட்டமினா? எனக்கும் ஒண்ணு குடேன்" என்று கையை நீட்டிவிட்டார். எதிரே இவர், மாமியார், எல்லோரும். நான் என்ன சொல்வேன்? பச்சை மூடியிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் வலி குறைந்துவிட்டது என்றார்! அதிலிருந்து தினமும் காலையில் அவரே புட்டியைத் திறந்து எடுத்துக்கொள்கிறார். நேற்று மாடிக்குப் போய்த் துணி உலர்த்திவிட்டு வந்தார். சந்தோஷம் வந்தால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும். "பஹள சென்னாகிதே!" (ரொம்ப நன்றாக இருக்கிறது) என்று சின்னப் பையன் மாதிரி காலை மடக்கி நீட்டிக் காட்டுகிறார். மாமியார், "என் நாட்டுப்பொண் கை ராசி" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஒரு மாத்திரைதானே, பெரிய மனிதருக்கு என்ன செய்துவிடப்போகிறது? சர்க்கரைக்கு வேறு தனியாக மாத்திரை சாப்பிடுகிறார். அதோடு இது சேரலாமா என்று மட்டும் எழுது.

தமயந்தி


வேலூர்
22-6-1999

தமயந்தி,

இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த நிமிஷம் வீட்டுக்குப் போ.

சர்க்கரைக்காரருக்கு ஸ்டீராய்டு கொடுத்திருக்கிறாய். வலி குறையத்தான் செய்யும். உள்ளே சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும். காலில் சின்னக் காயம் பட்டாலும் ஆறாது, ஆறாதது அவருக்குத் தெரியவும் தெரியாது. இன்றே அவர் ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிட்டிருப்பதால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. அவருடைய டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

உண்மையைச் சொல். முடியாவிட்டால் பொய்யாவது சொல். கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று சொல், என் அக்கா லேபிளைப் பார்க்காமல் போட்டுவிட்டாள் என்று என் தலையில் போடு. எப்படியாவது அந்த மாத்திரையின் பெயர் டாக்டரின் காதில் விழ வேண்டும். பொய் சொல்லச் சொல்லி நான் உன்னைக் கெஞ்சும் நிலைக்கு வந்திருக்கிறேன் என்றால் யோசித்துப் பார்.

பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

ருக்மிணி


பெங்களூர்
19-7-1999

அக்கா,

உன் கடிதம் பள்ளி அலமாரியில் மூன்று வாரத்துக்கு மேல் கிடந்திருக்கிறது. ஜூன் இருபத்தைந்திலிருந்து ஆஸ்பத்திரி, வீடு என்று அலைந்ததில் நான் பள்ளிக்கே போகவில்லை. இன்றுதான் போனேன், இன்றுதான் படித்தேன். படித்து இனி ஆவது ஒன்றுமில்லை.

மாமனாருக்குப் புதுச் செருப்பு கடித்து இடது கால் சுண்டுவிரலில் கொப்புளம் வந்தது. வலியே இல்லை என்று மஞ்சள் வைத்துக்கொண்டு நடமாடினார். ஒரு வாரத்தில் விரல் கறுத்துவிட்டது. ஜுரம். ஆஸ்பத்திரியில் சர்க்கரை நானூற்று இருபது. டாக்டர் நம்பாமல் இரண்டாம் முறை பார்த்தார். "இத்தனை வருஷம் கட்டுப்பாட்டுல வெச்சிருந்தீங்க, திடீர்னு எப்படி ஏறித்து? வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

மாமனார், "வைட்டமின் மட்டும்தான் சார், என் மருமக குடுக்கறா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். டாக்டர் அட்டையில் வைட்டமின் என்று எழுதிக்கொண்டார். பேனா நகர்வதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டடி தள்ளித்தான் நின்றேன், அக்கா. என் வாய் திறக்கவில்லை.

மறுநாள் விரலை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் நாலைந்து நாள் எழுந்து உட்கார்ந்தாலே கிறுகிறுப்பு வந்து சாய்ந்தார். பலவீனம் என்றார்கள். நீ எழுதியதைப் படித்த பிறகுதான் அது எதனால் என்று எனக்குத் தெரிந்தது.

விரல் எடுத்த அன்று வீட்டுக்கு வந்து இரண்டு புட்டியையும் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். பச்சையையும் சிவப்பையும். இனி அந்த மாத்திரை இந்த வீட்டுக்குள் வராது. என் ரத்தம் சுத்தமாக இருக்கிறது என்று உன் எண்களே சொல்கின்றன. நான்கு வருஷம் போதும்.

தமயந்தி


வேலூர்
24-7-1999

தமயந்திக்கு,

உன்னைத் திட்ட எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அவர் விரலுக்கு நீ பதில் சொல்ல வேண்டிய நாள் வரும். ஆனால் உன் ஈரலைக் கொடுத்து அந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது. முப்பத்தொன்று என்ற எண் உன்னுடையது இல்லை, மாத்திரையினுடையது. கொட்டி ஏறக்குறைய நான்கு வாரம் ஆகிறது. இப்போதுகூடத் தாமதமில்லை. பள்ளிக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். இரண்டு மாத்திரையும் அதில் இருக்கிறது. ஆனால் நீயாக ஆரம்பிக்காதே, எவ்வளவு என்று ஒரு டாக்டர் ரத்தம் பார்த்துச் சொல்லட்டும்.

எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறதா? குமட்டுகிறதா? சிறுநீர் கடுங்காப்பி மாதிரி போகிறதா? உடம்பு அரிக்கிறதா? பழைய மூட்டு வலி? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் நாளைக்கென்று தள்ளாதே. பகலில் தூக்கமும் ராத்திரி விழிப்புமாக மாறினால் அது கடைசி எச்சரிக்கை. அதை நீ கவனிக்கமாட்டாய். பக்கத்திலிருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். பக்கத்திலிருப்பவர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

ஆகஸ்டு முடிவதற்குள் ரிப்போர்ட் வரவில்லை என்றால் நானே வருவேன்.

ருக்மிணி


பெங்களூர்
5-9-1999

அக்காவுக்கு,

வராதே.

பார்சல் வந்தது. பிரிக்காமல் சாந்தகுமாரி மிஸ்ஸிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

உனக்கு ஒரு செய்தி. ஆகஸ்டு முழுக்க எனக்குக் காலையில் வாந்தி. எழுந்தால் தலை சுற்றுகிறது. இரண்டு மாதமாக நான் ஒதுங்கி உட்காரவில்லை. மாமியார் நாள் கணக்குப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். சந்தோஷ அழுகை. இவர் ஆபீஸில் லீவு கேட்டிருக்கிறார். மாமனார் ஊன்றுகோலோடு கடைக்குப் போய் மாவடு வாங்கி வந்தார், எங்கே கிடைத்ததோ. அந்தக் காலை வைத்துக்கொண்டு எனக்காக நடந்திருக்கிறார்.

டாக்டரிடம் அடுத்த வாரம் போகிறோம். நீ பட்டியல் போட்டாயே, கண் இருட்டும், குமட்டும் என்று. குழந்தை உண்டானவளுக்கும் அதெல்லாம் வரும். உன் லேபுக்குள் இருந்தால் உனக்கு உலகத்தில் நோய் மட்டும்தான் தெரியும்.

கண்ணாடியில் பார்த்தேன். மாத்திரையால் ஊதின அந்த முகம் போய்விட்டது. கன்ன எலும்பு தெரிகிறது. பதினெட்டு வயசில் இருந்த முகம். இப்போது வந்து நீ வாயைத் திறந்தாயானால் எனக்கு அக்கா கிடையாது. இதை நிதானமாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

தமயந்தி


பெங்களூர்
5-9-1989

அகாவுக்கு

நலம். நீ நலமா. நாங்கள் நலம்.

டாக்டர் குழந்தை இல்லை என்று சொல்லிவிட்டார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சக் காமாலை என்று ஆனேக்கல் பக்கம் ஒருவரிடம் கூட்டிப் போனார்கள். பாலில் இலை மருந்து. மூன்று நாள் உப்பு இல்லாமல் சாப்பாடு. மூன்று நாள் முடிந்து மறுபடி மூன்று நாள். உப்பு இல்லாமல் சாப்பாடு.

பகலெல்லாம் தூக்கம். பள்ளிக்குப் போகவில்லை. இவர் சட்டையை நான் அரிசிப் பானையில் வைத்துவிட்டேனாம். நான் வைக்கவில்லை. வயிறு பெரிதாக இருக்கிறது ஆனால் குழந்தை இல்லை என்று சொல்லிவிட்டார்.

அம்மா வந்திருக்கிறாள். கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். காப்பி கேட்டாள். நான் போட்டுக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாள். நீ பார்த்தால் இருக்கச் சொல்லு. நீ நலமா. நாங்கள்


வேலூர்
2-11-1999

தமயந்திக்கு,

உனக்கு எதுவும் நினைவில்லை என்று ப்ரஹ்லாத் எழுதியிருந்தார். கண் விழித்த பிறகு நீ என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். அதனால் நேரில் சொல்ல முடியவில்லை. நடந்ததை நீ என் மூலமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

உன் கடைசிக் கடிதம் அக்டோபர் நான்காம் தேதி வந்தது. உறையில் பள்ளி முத்திரை இருந்தது. உன்னைப் பார்க்க வீட்டுக்கு வந்த சாந்தகுமாரி உன் மேஜையில் கிடந்ததை எடுத்துப் போய்த் தபாலில் சேர்த்திருக்கிறார். வரிகள் தாளின் மூலைக்குச் சரிந்து போயிருந்தன. அக்கா என்று எழுத உனக்குத் தெரியவில்லை. வருஷம் பத்து வருஷம் பின்னால் போயிருந்தது. செத்துப்போன அம்மாவுக்குக் காப்பி போட்டிருக்கிறாய். ஈரல் வடிகட்டாத விஷம் மூளைக்கு ஏறும்போது கையெழுத்து இப்படித்தான் குலையும். இதைச் சோதிக்க நோயாளிகளை நட்சத்திரம் வரையச் சொல்லிப் பார்ப்பார்கள். எனக்கு அந்த நட்சத்திரம் தபாலில் வந்தது. லேபில் கையுறையைக்கூடக் கழற்றாமல் பஸ் நிலையத்துக்குப் போனேன்.

உன் மாமியார்தான் கதவைத் திறந்தார். "வா ருக்கு, நல்ல வேளை வந்தே. இலை மருந்து கேக்கவே மாட்டேங்கறது" என்றார். நீ உள்ளே படுத்திருந்தாய். உன் கண் பசுமஞ்சளாக இருந்தது. என்னை மிஸ் என்று கூப்பிட்டாய்.

நான் கூடத்தில் நின்றபடியே சொல்லிவிட்டேன். "மாமி, இது இப்ப வந்த வியாதி இல்ல. நாலு வருஷமா இருக்கு. மறைச்சுத்தான் கல்யாணம் பண்ணிக் குடுத்தோம். மாத்திரையை நிறுத்திட்டா. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலேன்னா பிழைக்கமாட்டா."

அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று கேட்டார். எங்கள் மூன்று பேருக்கு என்றேன். "எங்காத்துல ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். அது கேள்வியா, குற்றச்சாட்டா, எனக்குத் தெரியவில்லை. அப்புறம் எழுந்து உன் புடவையை மாற்ற வந்தார்.

ப்ரஹ்லாத் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து டாக்சியில் வந்தார். உன்னைத் தூக்கிக்கொண்டு நேரே வாசலுக்குப் போனார். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ரிப்போர்ட்டையெல்லாம் பார்த்துவிட்டு, "ஸ்டீராய்டு குடுத்துப் பார்க்கறோம். ஒரு வாரத்துல திரும்பலேன்னா ஈரலையே மாத்தணும். அதுக்கு இந்தியாவுல ரெண்டு மூணு இடந்தான். அங்கயும் யாரோடதாவது கிடைக்கணும்" என்றார். ரத்தம் உறையும் நேரம் தினமும் கூடிக்கொண்டே போனது. அந்த எண்களை நான் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். எழுதி முடித்ததும் அடுத்த குழாயை எடுத்துவிடுவேன்.

ஆறாம் நாள் எண் நின்றது. எட்டாம் நாள் இறங்கியது. பத்தாம் நாள் நீ தண்ணீர் கேட்டாய்.

ஈரல் பாதிக்கு மேல் வடுவாகிவிட்டது. மீதியை வைத்துக்கொண்டு வாழலாம், பல வருஷம் வாழலாம். ஆனால் இனி மாத்திரை ஆயுள் முழுக்க. நிறுத்தலாமா என்று யாரும் யோசிக்கக்கூடாது.

நான் சத்தியத்தை மீறினேன். உன் வார்த்தைப்படி உனக்கு இனி அக்கா இல்லை. ஏற்றுக்கொள்கிறேன். நோயைப் பற்றித்தான் நான் சொன்னேன். மாமனாரின் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது உன்னுடையது.

ருக்மிணி


பெங்களூர்
16-1-2000

அக்கா,

இரண்டு மாதமாக உனக்கு எழுத உட்கார்ந்து எழுந்துபோயிருக்கிறேன். கை இன்னும் நடுங்குகிறது. ஸ்டீராய்டால் என்கிறார்கள். முகம் மறுபடி ஊதிவிட்டது. அதைப் பார்க்க எனக்கு இப்போது வருத்தமில்லை.

டிசம்பரில் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். இவர் ஆஸ்பத்திரிக்கு நாள் தவறாமல் வந்தார், ரிப்போர்ட்டை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறார், நோயைப் பற்றி ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடிப் படிக்கிறார். ஒரு நாள் கேட்டார், "தினம் காலையில என் எதிர்லதானே சாப்பிட்டே. ஒரு நாள்கூட சொல்லணும்னு தோணலியா?" தினமும் தோன்றியது என்றேன். அவர் ஃபைலை மூடி வைத்தார். இன்னும் கூடத்தில்தான் படுத்துக்கொள்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமனார் என் அறைக்கு வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து என் மாத்திரை அட்டையை எடுத்துக் கண்ணுக்கு அருகே வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். சின்ன வெள்ளை மாத்திரை. அதன் உருவம் அவருக்குத் தெரியாதா?

"இதுதானேம்மா அது?" என்றார்.

ஆமாம் என்றேன். டாக்டர் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றதையும் சொன்னேன். அதை அவரே பார்த்துத்தானே இருக்கிறார்.

கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "போனது போச்சு. உன் மாமியார் ஜெயாகிட்ட மட்டும் சொல்லாதே. அவ தாங்கமாட்டா. உன்னை இந்த ஆத்துல வெச்சுக்கமாட்டா" என்றார். குரல் கோபமாக இல்லை. ஆனால் என் கையைத் தொடாமல் எழுந்து போனார். எப்போதும் போகும்போது தலையில் கை வைத்துவிட்டுப் போவார்.

எனக்கு அது பெரிய தப்பிப்பாகத் தோன்றியிருக்க வேண்டும். அன்று பகல் முழுக்க, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை, இனி பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மறுபடி ஒரு புட்டி, மறுபடி ஒரு லேபிள். சாயங்காலம் மாமியார் விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். மே மாசத்தில் ஆரம்பித்து, கக்கூஸில் கொட்டியது வரைக்கும். நடுவில் அழக்கூடாது என்று வைத்துக்கொண்டேன், அழவில்லை.

நான் முடித்ததும் அவர், "கை ராசின்னு தெருவெல்லாம் சொன்னேனே" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். அன்றைக்குச் சமையல் நடக்கவில்லை. என்னைக் கூசு என்று அவர் கூப்பிட்டு ஏழு நாளாகிறது. பெயரும் சொல்வதில்லை.

நான் பெட்டியில் இரண்டு புடவையை எடுத்து வைத்தேன். வேலூருக்கு வருவதென்றால் உன்னிடம் கேட்க வேண்டும், எந்த முகத்தோடு கேட்பது என்று யோசித்துக்கொண்டே விடிந்துவிட்டது.

காலையில் மாமியார் உள்ளே வந்தார். குளித்து ஈரத் தலையோடு இருந்தார். ஒரு கையில் இட்லித் தட்டு, இன்னொரு கையில் தண்ணீர். மேஜையிலிருந்த டாக்டர் சீட்டை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் வாய்விட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் இட்லியைத் தின்று முடிக்கும்வரை நின்றார். விழுங்கினேனா என்று என் தொண்டையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

இன்றும் அப்படித்தான். ஏழு நாளாகத் தினமும்.

பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கிறது. காலி செய்யவும் இல்லை, மூடவும் இல்லை. இந்தக் கடிதத்தை இவரிடமே கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப்போகிறேன். உறையை ஒட்டவில்லை. நீ இனிமேல் வீட்டு விலாசத்துக்கே எழுது.

தமயந்தி